சைகோனில் ஓர் ஆடி வெள்ளி

2020 மே, ஜூன் மாதங்களில் தினமும் மாலை தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த சென்னைவாசிகளுக்கு மூன்று பெயர்கள் மறந்திருக்காது. ராயபுரம், கோடம்பாக்கம், திரு.வி.க. நகர். மண்டல வாரியாக கொரோனா எண்ணிக்கையை வாசிப்பார்கள். கோயம்பேடு சந்தையில் தொற்று பரவிய பிறகு எங்கள் கோடம்பாக்கம் மண்டலம் எகிறிவிட்டது. சினிமாவால் பேர் வாங்கிய ஊர், அப்போது நோயால் பேர் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள்.

என் மகள் அப்போது வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தில் இருந்தாள். பழைய பெயர் சைகோன். 1976-ல் பெயரை மாற்றியும் ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நாம் மவுண்ட் ரோடு என்று சொல்வதைப்போல. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் தரக் கட்டுப்பாட்டு வேலை அவளுக்கு. திருப்பூரில் பழகிய தொழிலோடு 2019-ல் அங்கே போனாள்.

வியட்நாமில் 2020 ஜூலை 31 வரை கொரோனாவால் ஒரு மரணம்கூட இல்லை. இவள் அலுவலகம் போனாள், தெருவோரம் உட்கார்ந்து காபி குடித்தாள், போனில் எங்களுக்கு ஆறுதல் சொன்னாள். இந்தியர்களை அழைத்துவரச் சிறப்பு விமானம் ஏற்பாடானபோது, "பேர் கொடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"இங்கே வந்து என்ன பண்ணப்போறே? அங்கேயே பத்திரமா இரு" என்று சொன்னவள் நான்தான்.

அடுத்த வருடம் எல்லாம் தலைகீழானது. 2021 ஏப்ரல் கடைசியில் வியட்நாமில் நான்காவது அலை தொடங்கியது. ஜூலையில் நாம் கொஞ்சம் மூச்சு விட்டபோது சைகோன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஜூலை 9 முதல் கடுமையான ஊரடங்கு. ஜூலை 26 முதல் மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே வரக்கூடாது. ஆகஸ்ட் 23-லிருந்து பகலிலும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ராணுவ வீரர்கள் அரிசி, காய்கறி கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்டோபர் 1-ம் தேதிதான் தளர்த்தினார்கள். வியட்நாம் முழுவதும் இந்த நோயில் இறந்தவர்கள் 43,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு அருகில் இந்த ஒரே நகரத்தில்.

எண்பத்து நான்கு நாட்கள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் என் மகள். தினமும் வீடியோவில் சிரித்தபடி வருவாள். "சாப்பிட்டியா?" என்பேன். "ஆச்சும்மா" என்பாள். என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சந்துக்குள் ஒரு வீடு

2022 மார்ச் 15-ல் வியட்நாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. ஆடி பிறந்தபின், ஜூலை கடைசியில் நான் கிளம்பினேன். முப்பது நாள் இ-விசா, சிங்கப்பூரில் விமானம் மாறி ஏறினேன். (2023 நவம்பரிலிருந்து திருச்சியிலிருந்தே நேரடி விமானம் விட்டார்கள், இ-விசாவையும் 90 நாள் வரை நீட்டிவிட்டார்கள்.) பெட்டியில் சாம்பார் பொடி, அரிசி வடாம், ஆவக்காய். மனதில் ஒரே ஒரு தீர்மானம். அவளைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் விமான நிலையத்தில், "போய் அவகிட்ட சண்டை போடாதே" என்று மட்டும் சொன்னார்.

அவள் இருப்பது பூ நுவான் என்ற பகுதியில். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, அதிலிருந்து இன்னொன்று பிரிந்து போகும் சந்துகளை 'ஹெம்' என்கிறார்கள். சைகோனின் பாதி வாழ்க்கை இந்த ஹெம்களில்தான் நடக்கிறது. இரண்டு பேர் குடை பிடித்து நடந்தால் இடிக்கும் அகலம். அதற்குள் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டுபவர், காய்கறிக் கூடை, தூங்கும் நாய், விடாமல் வந்துகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள்கள். முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முக்காலிகள். அதில் உட்கார்ந்துதான் ஊரே சாப்பிடுகிறது. முதல் நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க நான் பட்ட பாட்டை மகள் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள்.

சந்து முனையில் காலை ஆறு மணிக்கு ஒரு பெரிய அலுமினியப் பானை கொதிக்கத் தொடங்கும். 'ஹூ தியூ' என்ற அரிசி நூடுல்ஸ் சூப். ஒரு கிண்ணம் 35,000 டோங். பயந்துவிடாதீர்கள், நம் ஒரு ரூபாய்க்கு அப்போது ஏறக்குறைய 300 டோங். பானைக்குப் பின்னால் நிற்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவர். மகள் அவரைக் 'கோ ஹாய்' என்று கூப்பிட்டாள். 'கோ' என்றால் அத்தை. 'ஹாய்' என்றால் இரண்டு.

"அதென்ன ரெண்டாம் நம்பர் அத்தை?" என்று கேட்டேன்.

தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. அந்த மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. எதிரே நிற்பவர் அண்ணனா, அக்காவா, அத்தையா, பாட்டியா என்று முடிவு செய்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். பஸ் கண்டக்டரை அண்ணா என்றும் பூக்காரரை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. "ஆங்கிலம் பேசற ஃபிரெண்ட்ஸ் இதுக்குத்தான் திணறுவாங்கம்மா. எனக்கு முதல் மாசத்துலயே வந்துடுச்சு" என்றாள்.

எழுந்து நிற்கும் நகரம்

அவள் வேலைக்குப் போன பிறகு நான் தனியாகச் சுற்றுவேன். சாலையைக் கடக்க அவள் சொல்லிக்கொடுத்த ஒரே விதி: நிற்காதே, ஓடாதே, ஒரே சீராக நட. நூறு வண்டிகள் வந்தாலும் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன.

நகரின் நடுப்பகுதியில் இன்னும் இழுத்து மூடிய கடைகள் இருந்தன. கதவுகளில் வாடகைக்கு என்ற அறிவிப்பு, அதன் மேல் தூசி. வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த தெருக்களில்தான் இது அதிகம். மெட்ரோ வேலைக்காக வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்த லெ லோய் சாலையின் தடுப்புகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆற்காடு சாலையிலோ மெட்ரோவுக்காகத் தடுப்புகள் வந்துகொண்டிருந்தன.

மகளின் கட்டிடத்தில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர்களில் ஆங்கில ஆசிரியர்கள் இரண்டு பேர். பயிற்சி வகுப்புகள் மூடியதும் வருமானம் நின்று, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார்கள். அந்த அறைகளில் இப்போது புதுமுகங்கள். உள்ளூர்த் தொழிலாளர்களும் அப்படித்தான். 2021 அக்டோபரில் தடை தளர்ந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் மனைவி, குழந்தை, மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் சொந்த ஊர்களுக்குக் கிளம்பிப் போனார்களாம். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்து போன காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது.

"நீ ஏண்டி அப்பவே வரலே?" என்று ஒரு ராத்திரி கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 23-க்குப் பிறகு செயலி வழியாகப் பொருள் வாங்குவது நின்றுபோனது. வார்டு அலுவலகம் கொடுத்த பட்டியலை நிரப்பித்தர வேண்டும். அது முழுவதும் வியட்நாம் மொழியில். இவள் நிரப்பியதில் என்ன தவறோ, முதல் தடவை வந்த மூட்டையில் பாதி மீனும் இறைச்சியும். இரண்டு நாள் வெறும் சோறும் உப்பும். மூன்றாம் நாள் மாலை கதவின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே வள்ளைக்கீரை, டோஃபு, இரண்டு எலுமிச்சம்பழம். மீன் சாஸ் இல்லாமல் வைத்த ஒரு டப்பா குழம்பு. இவள் சைவம் என்பது கோ ஹாய்க்குத் தெரியும். அன்று முதல் தினமும் பை வந்தது.

"நடுவுல ஒரு நாலு நாள் வரலேம்மா. அவங்களுக்கும் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன். அஞ்சாவது நாள் திரும்ப வந்துச்சு."

அந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததாம். கோ ஹாயின் தாயாரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர். கூடப் போக யாருக்கும் அனுமதி இல்லை. திரும்பி வந்தது அஸ்திதான். அந்த மாதங்களில் சைகோனில் இறந்தவர்களின் அஸ்தியை ராணுவ வீரர்கள் கலசத்தில் வைத்து வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது.

"இதையெல்லாம் ஏன் அப்பவே சொல்லலே?"

"சொன்னா, 'வராதேன்னு நான்தானே சொன்னேன்'னு நீ அதையே பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பே."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சந்தில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல இது. 2020 ஏப்ரலிலேயே இந்த நகரத்தில் 'அரிசி ஏ.டி.எம்.' வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் ஒன்றரை கிலோ அரிசி இலவசமாகக் கொட்டும் இயந்திரம். உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரின் யோசனை. அடுத்த வருடம் அவரே ஆக்சிஜன் சிலிண்டர்களையும் அதேபோல் கொடுத்தார். 'பூஜ்ய டோங் கடை' என்று பெயர் வைத்து, காசு வாங்காமல் மளிகை கொடுத்தார்கள். 2021 நவம்பர் 19 இரவு, இறந்தவர்களுக்காக நகரமே மெழுகுவத்தி ஏற்றியது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் மணி அடித்தார்கள். மகளும் ஜன்னலில் ஓர் அகல் ஏற்றி வைத்தாளாம், கார்த்திகைக்கு நான் கொடுத்தனுப்பியதில் மிச்சமிருந்ததை.

ஏழாம் அண்ணன்

சைகோனுக்குப் பிழைக்கப் போன முதல் தமிழச்சி என் மகள் இல்லை. 1859-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்த பிறகு, நகரத்தார் வந்தார்கள். மெகாங் டெல்டாவின் நெல் விவசாயத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தது இவர்கள்தான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். அந்நாளைய சைகோன்வாசிகள் இந்தியர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஏழாம் அண்ணன்'. சீனர்களுக்கு 'மூன்றாம் சித்தப்பா'. கேலியும் உண்டுதான், ஆனாலும் வந்தவர்களுக்கும் வீட்டுப் பிள்ளைகளைப்போல ஒரு எண் கொடுத்துவிட்டார்கள்.

தோன் தாத் தியெப் சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தோங் யூ சாலையில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல், உயரமான கட்டிடங்களுக்கு நடுவே வெள்ளையும் நீலமுமாக நிற்கிறது. பென் தான் சந்தையில் 'கா ரி' பொடி விற்கிறார்கள். நம் கறிதான். தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்த்துக் குழம்பு வைத்து, ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

1975-ல் போர் முடிந்து ஆட்சி மாறியதும் தமிழர்களில் பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள். வியட்நாமியப் பெண்களை மணந்து குடும்பமானவர்களில் சிலர் தங்கிவிட்டார்கள்.

சந்தைக்குப் பக்கத்திலேயே ட்ருவோங் தின் சாலையில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. 1975-க்குப் பிறகு கோயிலின் ஒரு பகுதியில் ஊதுவத்தி தயாரித்தார்கள்; மொட்டைமாடியில் ஏற்றுமதிக்குக் கடல் உணவு காய வைத்தார்கள். அம்மன் அதையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். இடது பக்கம் மதுரை வீரன், வலது பக்கம் பேச்சியம்மன். ஊர்க்காரர்கள் அவளை 'பா' என்கிறார்கள். பாட்டிக்கும் அதே சொல்தான்.

வெள்ளை ரோஜா

ஆகஸ்ட் 12, கடைசி ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போனோம். தமிழ் முகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்; கூட்டம் முழுவதும் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும். கை நிறைய மல்லிகை, லில்லிப் பூ, கொத்துக் கொத்தாக ஊதுவத்தி. சன்னதிக்குப் பின்னால் ஒரு கற்சுவர். பெண்கள் வரிசையாக நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியையும் அதில் பதித்து, அம்மனிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். நம் ஊரில் நான் பார்த்திராத வழக்கம்.

நானும் போய் நெற்றியை வைத்தேன். கல் சில்லென்றிருந்தது. 'இவளை என்னோடு அனுப்பிவை தாயே' என்று வேண்டிக்கொள்ளத்தான் வந்தேன். அம்மை கண்ட வீட்டுக்குக் காவல் இருப்பவள் அவள். அந்த எண்பத்து நான்கு நாட்களும் அவள் கோயில் கதவும் பூட்டித்தான் கிடந்தது. கீழ்வீட்டில் ஒருத்தி பை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அன்று அங்கேயும் ஒரு விசேஷம். அவர்களுடைய ஏழாம் மாதப் பௌர்ணமி. 'வூ லான்' என்று பெயர். தாய் தந்தையரையும் முன்னோரையும் நினைக்கும் நாள். அமாவாசை, பௌர்ணமியில் அங்கே பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். 'சாய்' என்ற பலகை தொங்கும் கடைகளில் நம்மவர்கள் தைரியமாக நுழையலாம். கோ ஹாய் அன்று காளானும் முள்ளங்கியும் போட்டு சைவ ஹூ தியூ வைத்திருந்தார். என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். சாயங்காலம் எங்களையும் பக்கத்திலிருந்த புத்தர் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

வாசலில் இளம் பெண்கள் தட்டுகளில் ரோஜாக்களோடு நின்றார்கள். அம்மா உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. கேட்டுவிட்டு நெஞ்சில் குத்திவிடுகிறார்கள். என் மகளுக்குச் சிவப்பு. எனக்கு வெள்ளை, என் அம்மா போய்ப் பதினொரு வருடமாகிறது. கோ ஹாய் தட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றார். முந்தைய வருடம் வூ லான் ஆகஸ்ட் 22-ல் வந்தது. அன்றைக்கு அவருடைய அம்மா இருந்தார். வெள்ளை ரோஜா அவருக்கு இதுதான் முதல் தடவை.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். என் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி, "என் பெண்ணை நீங்கள் காப்பாற்றினீர்கள். எப்படி நன்றி சொல்வேன்?" என்றேன்.

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பேசினார். மகள் உடனே மொழிபெயர்க்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது சொன்னாள்: "அம்மா போன அந்த நாலு நாள் அவங்க எழுந்திருக்கவே இல்லையாம். ராத்திரி மாடியில என் ரூம்ல லைட் எரியறது தெரிஞ்சுதாம். 'மேல ஒரு பொண்ணு சாப்பிடாம இருக்கும்'னு தோணித்தான் அடுப்பு பத்த வெச்சாங்களாம்."

கோ ஹாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை.

கோடம்பாக்கத்துக்குத் திரும்பி

'வந்துவிடு' என்று நான் அதற்குப் பிறகு சொல்லவில்லை. கிளம்பும் நாளன்று அவளே, "ரெண்டு வருஷம் பார்க்கறேம்மா" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். கோ ஹாய் என் பெட்டியில் அரை கிலோ காபித்தூளைத் திணித்தார். நான் மிச்சமிருந்த வடாமைக் கொடுத்து, எண்ணெயில் எப்படிப் பொரிப்பது என்று கையாலேயே செய்து காட்டினேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம் வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஓர் அறை உண்டு. சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர ஊரிலிருந்து வரும் பையன்கள் மாறி மாறிக் குடியிருப்பார்கள். கோடம்பாக்கத்தில் இது புதிதில்லை. 2020-ல் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். படப்பிடிப்பெல்லாம் நின்றுபோய், தெருவில் தகரம் அடித்திருந்த அந்த நாட்களில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய்க் கதவைச் சாத்துவேன். ஒரு நாள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர்ப் பையன்கள் என்றுகூட நான் கேட்டதில்லை.

இப்போது இருப்பவர்கள் வேறு இரண்டு பேர். ஆகஸ்ட் 31 விநாயகர் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை, உளுந்துக் கொழுக்கட்டை, கொஞ்சம் சுண்டல். தட்டை மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்த பையன் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினான்.

"எந்த ஊருப்பா?" என்று கேட்டேன்.

"தேனிப் பக்கம், ஆன்ட்டி."

"ஆன்ட்டி வேண்டாம். அத்தைன்னு கூப்பிடு" என்றேன்.